அரை மூடி ஈஸ்ட்

மாஸ்டருக்கும் மாஸ்டரம்மாவுக்கும் பேச்சு நின்றுபோனதை இந்தத் தெருவில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் தையல் மிஷின் பின்பக்க ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் கீழே அவர்களுடைய ரொட்டி அடுப்பும் மாவு பிசைகிற மேஜையும். காதைப் பொத்திக்கொண்டு தைக்க முடியுமா? பொத்திக்கொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

கீழே முன்னறையில் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு தராசு, சாய்ந்தால் ஆடுகிற ஒரு பெஞ்சு. நடு அறையில் குடித்தனம். அதைத் தாண்டினால் பின்கட்டு. அலமாரிப் பக்கம் தகரக் கூரை, மேஜையும் அடுப்பும் இருக்கிற பக்கம் திறந்தவெளி. காலையில் மாஸ்டரம்மா வெள்ளை எனாமல் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சர்க்கரை போட்டு, ஈஸ்ட்டை டப்பா மூடியால் அளந்து கலக்கி, அலமாரித் தட்டில் வைத்துவிட்டு முன்னே கடைக்குப் போய்விடுவாள். பத்து மணி வாக்கில் மாஸ்டர் வந்து, நுரைத்து நிற்கும் அந்தத் தண்ணீரை மைதாவில் ஊற்றிப் பிசைவார். மாவு உப்பி வருவதற்குள் விறகு எரிந்து அடுப்புக் கல் சூடேறிவிடும். மூன்றரைக்கெல்லாம் பன் வெளியே வரும். நாலு மணி டீக்கு எதிர் டீக்கடைக்காரர் கூடையோடு வந்து நிற்பார்.

வம்பு தொடங்கியதே அந்த டீக்கடையில்தான். மாஸ்டருக்கு வலது தோளில் வெகுநாளாக வலி. வெளியே சொல்லமாட்டார். பாதி மாவை மாஸ்டரம்மாதான் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அது பின்கட்டோடு இருந்த விஷயம். ஒருநாள் டீக்கடைக்காரர், நாலு பேர் டம்ளரும் கையுமாக நிற்கும்போது, "மாஸ்டர், தோள் எப்படி இருக்கு? மாவு பிசையற மெஷின் பாக்கறீங்களாமே? தங்கச்சி சொல்லிச்சு" என்று உரக்கக் கேட்டுவிட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

மாஸ்டர் டீயைக் குடிக்காமல் வந்தார்.

"எனக்குக் கை போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டியா?"

"ஊரெல்லாம் எதுக்குச் சொல்றேன்? மெஷினுக்கு யோசனை கேட்டேன். அவருக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

"கை போச்சுன்னு சொல்லித்தான் யோசனை கேக்கணுமா?"

"தோள் வலிக்குதுன்னு சொன்னேன். வலிக்கலையா?"

"வலிக்கல."

"பொய்."

"சரி, பொய்யே இருக்கட்டும். இனிமே நீ இந்த மாவுல கை வெக்காத. நான் ஒருத்தனே பாத்துக்கறேன்."

"பாத்துக்கோங்க. உங்க கையாச்சு, உங்க மாவாச்சு."

அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் மகள் வழியாகத்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், வாய் ஓயாத பெண். "அப்பாகிட்டச் சொல்லு, மைதா தீரப்போகுதுன்னு" என்பாள் அம்மா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். மகள் அந்த ரெண்டடியைத் தாண்டிப் போய், "அப்பா, மைதா தீரப்போகுதாம்" என்பாள். "தெரியும்னு சொல்லு" என்பார் அவர். அவளுக்கு நான் தபால் என்று பேர் வைத்தேன். அவளுக்கும் பிடித்துப்போயிற்று. மாடிப்படியில் ஏறி வரும்போதே "அத்தை, தபால்!" என்று கத்திக்கொண்டு வருவாள்.

இதற்கு நடுவில் வெயில் வந்து சேர்ந்தது. தகரக் கூரை பத்து மணிக்கே டப் டப் என்று வெடிக்க ஆரம்பித்தது. என் கத்தரிக்கோலைத் தொட்டால் சுட்டது. தைத்து மடித்து வைத்த பள்ளிச் சீருடைகளெல்லாம் இஸ்திரி போட்டது போல வெதவெதவென்று இருந்தன. அப்போதுதான் பன் கெட்டுப்போனது.

முதல்நாள் வந்த பன்னைக் கடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே நிறமெல்லாம் சரி. உள்ளே பிசின் போல அடர்ந்து கிடந்தது, பஞ்சே இல்லை. டீயில் முக்கினால் முழுகிப்போயிற்று. மறுநாளும் அப்படியே. ரெண்டு மூன்று நாள் கழித்துக் கொஞ்சம் தேவலை, ஆனாலும் கனம் கனம்தான். டீக்கடைக்காரர் கூடையில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் கேக்கறாரு, இது பன்னா, கதவு சாத்திக்காம வெக்கற கல்லான்னு."

மாஸ்டர் கூடையை வாங்கி வைத்தார். மறுநாள் இன்னும் ஓங்கிப் பிசைந்தார். பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாவைத் தூக்கித் தூக்கி மேஜையில் அடித்தார். அடித்து முடித்து, சுவர்ப்பக்கம் திரும்பித் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து ஒருத்தி பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அன்றும் பன் எழும்பவில்லை. அதைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டு, தன் உள்ளங்கையைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தபால் வந்தது. இந்த முறை கத்திக்கொண்டு வரவில்லை.

"அத்தை, அப்பா அம்மாகிட்டச் சொல்லச் சொன்னாரு. திங்கட்கிழமை ரொட்டி ஃபாக்டரிக்குப் போறாராம். கேட்டுல நிக்கற வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். ஞாயித்துக்கிழமை பன்னுதான் கடைசியாம். அப்புறம் அடுப்பு பத்தவெக்க வேணாமாம்."

"அம்மா என்ன சொன்னா?"

"நல்லதுன்னு சொல்லச் சொன்னாங்க."

அந்த 'நல்லது' எவ்வளவு நல்லது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மாஸ்டரம்மாவே மேலே ஏறி வந்து, துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ஓவென்று அழுதாள்.

"என் வாய்தான்க்கா. தோள் வலிக்குதுன்னு வெளியில சொன்னேன் பாருங்க, அது அப்படியே பலிச்சிருச்சு. அந்த மனுசன் கை எழுப்பாத மாவு கிடையாது. இப்ப என்னடான்னா ஃபாக்டரிக்காரன் கேட்டைத் திறந்து மூடப் போறாராம்."

"போய்ப் பேசு."

"என்னன்னு பேசுவேன்? கை போனது நெசம்தான்னு எப்படிப் பேசுவேன்?"

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. கீழே இருக்கப் பிடிக்காமல் தபால் காலையிலேயே என் அறைக்கு வந்துவிட்டாள். சீருடைக்குப் பொத்தான் எடுத்துக் கொடுத்தாள், பிறகு வெட்டு மேஜையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அத்தை, பின்னப் பெருக்கல் தெரியுமா?"

"தெரியாம என்ன? இருபது வருசமா துணி வெட்டறேன். அரை, கால், முக்கால் எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"மிஸ் ஒரு கணக்குக் கதை கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. பின்னத்தைப் பெருக்கற மாதிரி. கடைக்காரர்கிட்ட இத்தனை மாம்பழம்னெல்லாம் ஆரம்பிக்கக் கூடாதாம். நம்ம வீட்டுல நெஜமா நடந்திருக்கணுமாம். திங்கட்கிழமை எழுந்து நின்னு சொல்லணும்."

"உங்க வீட்டுலதான் ஒன்னுமே நடக்கலையே, என்னத்தைச் சொல்லுவ?"

"அதுதானே கஷ்டம்." கால்களை ஆட்டினாள். "முதல்ல எனக்கு அந்தக் கணக்கே புரியல. அரையை அரையால பெருக்கினா கால்னு சொல்றாங்க. பெருக்கினா கூடத்தானே வேணும்?"

"கண்டிப்பா கூடும். அரையும் அரையும் ஒன்னு. உங்க மிஸ் ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பாங்க."

"அது கூட்டல், அத்தை."

"எல்லாம் ஒன்னுதான் போ."

"ஒன்னு இல்ல. அரையால பெருக்கறதுன்னா, இருக்கறதுல பாதியை மட்டும் எடுத்துக்கறதாம்."

"அப்ப மீதி?"

"மீதி கணக்குல வராது. போச்சு."

"போச்சுன்னா? உங்கப்பா ஈஸ்ட் தண்ணியைக் கொட்டற மாதிரியா?"

ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

"எதைக் கொட்டறாரு?"

"நீ பள்ளிக்கூடம் போயிடற, பாத்திருக்க மாட்ட. இந்த வெயில் வந்ததுலேர்ந்து தினமும் குவளையில பாதியைச் சாக்கடையில ஊத்திட்டு, குழாய்த் தண்ணி புடிச்சு நெரப்பிக்கிறாரு. சாக்கடை பூரா நுரையா ஓடும். வெயில்ல மாவு சீக்கிரம் பொங்கிடும், ஈஸ்ட் பாதி போதும். உங்க வீட்டுல வருசா வருசம் நடக்கறதுதானே?"

"அத்தை, அதை அம்மாதான் செய்வாங்க. மூடியில அளக்கறப்பவே பாதியாக்கிடுவாங்க. நான் பாத்தேன். வெயில் வந்த அன்னைக்கே அரை மூடிதான் போட்டாங்க."

நான் மிஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

வழக்கமாக எப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும், இந்த ஜன்னலில் எத்தனை கோடை பார்த்திருக்கிறேன். வெயில் ஏறுகிற முதல் நாள் அவள் பின்கட்டிலிருந்து "பாதி போட்டுட்டேன்" என்பாள். அவர் "ம்" என்பார். இவ்வளவுதான் மொத்தப் பேச்சு. இந்த வருஷம் அந்த ஒரு 'ம்' இல்லை. பேச்சு இல்லாததால் அவரே பாதியாக்கிக்கொள்கிறார் என்று நானும் நினைத்திருந்தேன். கோபத்தில் இருக்கிறவளுக்கு வெயில் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது, மாவு புளித்துக் கெட்டுவிடப் போகிறது என்று அவர் தானே பாதியைக் கொட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒரு தடவை பாதியாக்கியிருக்கிறார்கள். ரெண்டு பேருமே வீட்டுக்கு நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

தபால் என் சாக்குக்கட்டியை எடுத்தாள். வெட்டு மேஜையில் விரித்திருந்த நீலத் துணியில், கேட்காமல் கொள்ளாமல், ஒரு சதுரம் போட்டாள்.

"இது முழு மூடி. அம்மா இதுல இவ்வளவுதான் போட்டாங்க." நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கத்தில் வரிவரியாகக் கிறுக்கினாள். "அதுல அப்பா இவ்வளவுதான் ஊத்தினாரு." குறுக்கே ஒரு கோடு. கிறுக்கிய பக்கத்தில் பாதியை மட்டும் மறுபடி அழுத்திக் கிறுக்கினாள். சதுரத்தின் ஒரு மூலையில் குட்டியாக ஒரு கட்டம் மிஞ்சியது.

"கால்" என்றேன். நானாகத்தான் சொன்னேன்.

"அரையை அரையால பெருக்கினா கால்." அவள் அந்த மூலையைப் பார்த்தபடி இருந்தாள். "அத்தை, அப்பா கை போகல."

நான் செருப்பைக்கூடத் தேடாமல் படிக்கு ஓடினேன். அவள் முன்னால் வந்து கையை விரித்து நின்றாள்.

"இருங்க. இப்பப் போய்ச் சொன்னா, அம்மா சொல்லி அனுப்பினாங்கன்னு அப்பா நெனப்பாரு. அப்பா சொல்லி அனுப்பினாருன்னு அம்மா நெனப்பாங்க. இத்தனை நாளா நான் அப்படித்தானே போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கேன். கணக்காத்தான் சொல்லணும். அதுவும் ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கறப்ப."

வயசுக்கு மீறிய புத்திதான். என் வாயை அடக்கிக்கொண்டு அன்று முழுவதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி மாவு. மாஸ்டர் பிசைந்து முடித்து, மேஜையில் உருட்டி வைத்து, ஈரத் துணியால் மூடியிருந்தார். நடு அறைக் கொடியில், மறுநாளுக்காக இஸ்திரி போட்ட சட்டை தொங்கியது. தபால் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேஜைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள். அப்பா அந்தப் பக்கம். நான் அடுப்புக்கு எதிரே விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"நாளைக்கு வகுப்புல சொல்லணும். பழகிக்கறேன். நடுவுல யாரும் பேசக் கூடாது" என்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். "ஒரு வீட்டில் ஒரு அம்மாவும் ஒரு அப்பாவும் பன் செய்தார்கள். வெயில் வந்தது. அம்மா ஈஸ்ட்டில் பாதியை மட்டும் தண்ணீரில் போட்டார். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா அந்தத் தண்ணீரில் பாதியைக் கீழே கொட்டினார். அம்மாவிடம் சொல்லவில்லை. பன் எழும்பவில்லை. அப்பா தன் கை போய்விட்டது என்று நினைத்தார். அம்மாவும் அப்படியே நினைத்தார். கேள்வி: மாவுக்குள் போன ஈஸ்ட் எவ்வளவு?"



மாஸ்டர்தான் முதலில் நிமிர்ந்தார். மகளைப் பார்க்கவில்லை. நேராக மனைவியைப் பார்த்தார்.

"நீ பாதிதான் போட்டியா?"

"வெயில் வந்தா பாதிதானே? நீங்க கொட்டினீங்களா?"

"நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"நானா? ஈஸ்ட்டையா? உங்களைக்கூட மறப்பேன், அதை மறப்பேனா?" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகக் குரல் வந்தது. "அப்ப உங்க கையில ஒன்னும் இல்ல."

"கையில ஒன்னும் இல்ல" என்றார் மாஸ்டர். யாரோ சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது போலச் சொன்னார்.

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல. இன்னும் ஒரு பாகம் இருக்கு" என்றாள் தபால். "அப்புறம் அம்மா பயந்துபோய் முக்கால் மூடி போட்டார். அப்பா அப்பவும் பாதியைக் கொட்டினார். இப்போ எவ்வளவு?"

"முக்கால்ல பாதி கால்" என்றார் மாஸ்டர்.

"எப்படிக் கால் ஆகும்? அரையில பாதியே கால்னா முக்கால்ல பாதி அதைவிடக் கூடத்தானே இருக்கணும்?" என்றாள் மாஸ்டரம்மா.

"அப்ப அரைன்னு வெச்சுக்க."

"வெச்சுக்கறதுக்கு இதென்ன உங்க வீட்டுச் சொத்தா? கணக்கு!"

அடடா, எத்தனை நாள் கழித்து அந்தப் பின்கட்டில் ஒரு சண்டை! காது குளிரக் கேட்டேன். மாஸ்டர் ஈரத் துணியை விலக்கி, தகட்டுக் கத்தியை எடுத்தார். மாவை ரெண்டாக, நாலாக, எட்டாக வெட்டினார். இது அவருடைய தினசரி வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எட்டு உருண்டையையும் வரிசையாக வைத்தார்.

"இது ஒரு மூடி. இதுல முக்கால் எது?"

மாஸ்டரம்மா ரெண்டு உருண்டையைத் தள்ளி வைத்தாள். "இந்த ஆறு."

"நான் கொட்டினது பாதி." அவர் மூன்றை ஒதுக்கினார். மூன்று மிஞ்சியது.

"எட்டுல மூணு!" என்று தபால் குதித்தாள். "மிஸ் சொல்லிக்கொடுத்தபடி பெருக்கினாலும் இதேதான்!"

"காலும் ஒரு அரைக்காலும்" என்றாள் மாஸ்டரம்மா மெதுவாக. "வேண்டியது நாலு உருண்டை. ஒன்னு குறையுது. அதனாலதான் கல்லா வந்தது கொஞ்சம் இளகி, ஆனாலும் எழும்பல."

"இன்னைக்கு மாவும் இதே மூணுதான். தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

"எதுக்குப் போடணும்? ஈஸ்ட் குறைஞ்சா நேரம் கூட எடுக்கும். அவ்வளவுதானே? காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். உருண்டைகளை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி மூடி வைத்துவிட்டு, மேஜைக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுநடுவே அவள் துணியைத் தூக்கிப் பார்ப்பாள். "தூக்காத, காத்து படும்" என்பார் அவர். நாலு மணிக்கு டீக்கடைக்காரர் கூடையோடு வந்துவிட்டார்.

"மாஸ்டர், கடைசி நாள் பன்னுகூட இல்லையா?"

"இன்னும் எழும்பல. இருட்டறப்ப வாங்க."

"கை முடியலையா மாஸ்டர்?" வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. மாஸ்டரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அந்த ஆள் வாயில் ஒரு உருண்டை மாவை அடைக்கலாமா என்றிருந்தது.

மாஸ்டர் எழுந்து முன்கடைக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"கைக்கு ஒன்னும் ஆகல. ஈஸ்ட்ல ஒரு கணக்குத் தப்பு. ஆனா தோள் வலிக்குது, அது நெசம். ரொம்ப நாளாவே வலிக்குது. பாதி மாவு என் வீட்டுக்காரிதான் பிசையுவா. நாளையிலேர்ந்து மறுபடியும் அவதான் பிசையப் போறா. அந்த மெஷின்காரர் விலாசம் இருந்தா கொடுங்க."

டீக்கடைக்காரர் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக மெதுவாகப் பேசினார். "சரிங்க மாஸ்டர்" என்றார். வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்பது போல மாஸ்டர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளே மாஸ்டரம்மா விறகு எடுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே வெகுநேரம் இருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் மாவு துணியை முட்டிக்கொண்டு எழும்பியது. அவர் உருட்ட, அவள் தட்டில் அடுக்க, நீளக் காம்பு வைத்த பலகையால் அடுப்புக்குள் தள்ளினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பன் வந்தது. எனக்குக் கொடுத்ததை விரலால் அழுத்தினேன். அமுங்கி, விட்டதும் தானே எழும்பி வந்தது. சூடு ஆறும்வரை பொறுக்கவில்லை, நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் என்னை எழுப்பியது அவர்கள் சத்தம்தான்.

"பாதி போட்டாச்சு!"

"என்ன?"

"பாதி போட்டாச்சுன்னு சொல்றேன்! காது கேக்கலையா?"

"கேட்டுச்சு! இன்னொரு தடவை சொல்லட்டுமேன்னு பாத்தேன்!"

"முழுக் குவளையும் ஊத்துங்க! கொட்டினீங்க, அப்புறம் தெரியும்!"

கொடியில் தொங்கிய இஸ்திரிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் தபால் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடிவந்தாள். ரெண்டு பேரும் மாவு மேஜையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"கணக்கு சரின்னுட்டாங்க மிஸ். ஆனா கதையைத்தான் நம்பல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு யாராவது இப்படிப் பேசாம இருப்பாங்களான்னு சிரிச்சாங்க. உடனே வகுப்புல எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. எங்க வீட்டுலயும் மிஸ், எங்க வீட்டுலயும் மிஸ்னு."

"எல்லாருமா?" என்றாள் மாஸ்டரம்மா, வெட்கத்தோடு.

"எல்லாரும் இல்லம்மா. எண்ணிப் பாத்தேன். முக்கால்."

மாஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் வலித்தது போலிருக்கிறது, மாஸ்டரம்மா மாவுக் கையோடு அந்தத் தோளை அழுத்திப் பிடித்துவிட்டாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, நீலத் துணியில் இருந்த சாக்குக் கட்டத்தைத் தட்டிவிடாமல், அதைச் சுற்றி வெட்டினேன்.